தொங்கும் மனிதனின் முகம்

குறிபார்க்கப் பயன்படும் டாரட் சீட்டுக்கட்டின் 12ஆம் சீட்டான ‘தொங்கும் மனிதன்’ கையில் வந்ததும் பலர் பதறிப்போகிறார்கள். ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டின் திட்டப்படி பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909இல் லண்டனில் வெளியான அந்தச் சீட்டை நிதானமாகப் பார்த்தால் பதற்றத்துக்கு இடமே இல்லை. கயிறு கழுத்தில் இல்லை, ஒரு கணுக்காலில் இருக்கிறது. மற்றொரு கால் முழங்காலில் மடங்கி, கட்டுண்ட காலுக்குப் பின்னே குறுக்காகக் கிடக்கிறது. துடிக்கிற உடம்பு அப்படிக் காலை மடக்கி வைக்காது. தொங்கும் மரத்தில் பச்சை இலைகள் துளிர்த்திருக்கின்றன. தலையைச் சுற்றி மஞ்சள் ஒளிவட்டம். முகத்தில் வலியின் சுளிப்பு கொஞ்சமும் இல்லை. ஆகவே இதைத் தண்டனை என்பதைவிட, மனமுவந்து ஏற்ற காத்திருப்பு என்று படிப்பதே படத்துக்குச் செய்யும் நியாயம்.

இதெல்லாம் பிற்காலத்தார் ஏற்றிச் சொன்னது என்று மறுக்கலாம். அதில் பாதி உண்மை. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் டாரட் வெறும் சீட்டாட்டம். இந்தச் சீட்டைத் ‘துரோகி’ என்றும் அழைத்தார்கள். துரோகிகளைத் தலைகீழாகத் தொங்குவதுபோல் பொதுச் சுவர்களில் வரைந்து மானத்தை வாங்கும் வழக்கமும் அங்கே இருந்தது. ஆனால் அந்த வரலாறு ஸ்மித்தின் கைவேலைக்குப் பெருமைதான் சேர்க்கிறது. அவமானத்தின் உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அமைதியான முகத்தாலும் ஒளியாலும் அதைத் தெளிவின் உருவமாக்கிவிட்டார். எதிர்காலத்தை இந்தச் சீட்டு சொல்லும் என்பதற்கு ஆதாரமில்லை. ஓவியமாக ரசிக்க அது தேவையுமில்லை. கையேட்டுப் பொருளை ஒப்பிப்பவர்கள் அந்த இலைகளைக் கவனிக்காமல் கடந்துபோவதுதான் வருத்தம்.