பத்தாம் நம்பர் ஜெர்சி

தி.நகர் பிளாட்பாரத்தில் மஞ்சள் ஜெர்சி வாங்கும்போது முதுகைத் திருப்பிப் பாருங்கள். ஏழு என்றால் தோனி. பத்து என்றால் நெய்மார். விலை உங்கள் பேரத் திறமையைப் பொறுத்தது.

நெய்மார் சென்னையில் ஒரு மாட்ச்கூட ஆடியதில்லை. இருந்தும் மயிலாப்பூர், அடையாறு சலூன்களில் பையன்கள் அவர் கிராப்பைக் கேட்டு வெட்டிக்கொள்கிறார்கள். கேரளத்தில் இன்னும் மோசம். 2022-ல் கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆற்றில் அவருக்கு 40 அடி கட்-அவுட்! கட்-அவுட் விஷயத்தில் நமக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்றல்லவா நினைத்திருந்தோம்.

எதனால் இந்தப் புகழ்? கோல்களால் என்பீர்கள். வாஸ்தவம்தான், பிரேசிலுக்காக 79 கோல். பெலேயின் 77-ஐ 2023-ல் தாண்டிவிட்டார். ஆனால், அதில் நாலைந்தை வர்ணிக்கச் சொன்னால் பல ரசிகர்கள் தலையைச் சொறிவார்கள். எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது 2018 உலகக் கோப்பையில் அவர் உருண்டதுதான். முதல் நாலு ஆட்டங்களில் சுமார் 14 நிமிஷம் தரையில் கிடந்தார் என்று ஸ்விஸ் டி.வி. ஒன்று கணக்கெடுத்தது. உலகமே சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு மன்னித்துவிட்டோம். நடிப்பைக் குறையாகச் சொல்கிற வழக்கம் நம்மிடம் ஏது?

என் வருத்தம் வேறு. நெய்மாரை நாம் முப்பது செகண்டு துண்டுகளாகவே பார்க்கிறோம். அவர் ஆட்டம் அதில் அடங்காது. 2022 டிசம்பர் 9, மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறிய இரவை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தாரில் குரோஷியாவுடன் காலிறுதி. எக்ஸ்ட்ரா டைமில் ரோட்ரிகோவிடம் கொடுத்து வாங்கி, பக்கெட்டாவிடம் கொடுத்து வாங்கி, கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டுபோய் அடித்தார். குரோஷியர்கள் நூறு நிமிஷத்துக்கு மேல் கதவைச் சாத்தி வைத்திருந்ததைப் பொறுமையாகப் பார்த்தவருக்குத்தான் அந்தக் கோலின் அருமை தெரியும். பிறகு குரோஷியா சமன் செய்து, பெனால்ட்டியில் ஜெயித்தது. நெய்மாருக்கு அடிக்கிற முறையே வரவில்லை. அழுதார். அந்த அழுகையும் துண்டாக நம் போனுக்கு வந்தது.

நேரில் பார்த்தால் ரசனை எப்படி மாறும் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் உண்டு. 2014-ல் சென்னையின் எஃப்.சி.க்கு எலானோ வந்தார். நெய்மாரோடு சான்டோஸ் கிளப்பில் ஆடி, 2011-ல் கோப்பா லிபர்ட்டடோரஸ் ஜெயித்தவர். வயது 33. ஸ்ட்ரைக்கர்கூட இல்லை, நடுக்கள ஆட்டக்காரர். ஆனாலும் 8 கோல் போட்டு, ஐ.எஸ்.எல்.லின் முதல் கோல்டன் பூட்டைத் தட்டிச் சென்றார். அதுவரை அவர் பெயரே தெரியாதவர்கள், ஃப்ரீ கிக்குக்கு அவர் பந்தை வைத்ததும் பேச்சை நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள்.

மயிலாப்பூரில் பறக்கும் ரயில் ஏறி, பார்க் டவுனில் இறங்கினால் நேரு ஸ்டேடியம் நடக்கிற தூரம்தான். அங்கே ஏதாவது மாட்ச் நடந்தால் போய்ப் பாருங்கள். நெய்மார் ஜெர்சியோடே போகலாம், தப்பில்லை. போனை மட்டும் 90 நிமிஷம் பாக்கெட்டில் வையுங்கள்.