ஆம்பூரைக் காதால் ரசிக்க

ஆம்பூரில் இறங்கினால் பிரியாணி சாப்பிடாமல் திரும்பாதீர்கள். சாப்பிடும்போது காதையும் திறந்து வையுங்கள். கல்லாவில் இருக்கும் பாய், "இன்னும் கொஞ்சம் கத்தரிக்கா வைக்கச் சொல்லட்டுமா?" என்று உங்களிடம் தமிழில் கேட்பார். அதே மூச்சில் அடுப்படிப் பக்கம் திரும்பி உருதுவில் குரல் கொடுப்பார்.

அந்த உருதுவின் பெயர் தக்னி. 'ஆமாம்' என்றால் 'ஹவ்'. 'வேண்டாம்' என்றால் 'நக்கோ'. மராத்தியிலிருந்து வந்த சொல். இந்த இரண்டும் பிடிபட்டதும் 'போல்கே'க்காகக் காத்திருங்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. நாம் 'வர்றேன்னு சொன்னான்' என்கிறோம். தக்னியில் 'ஆதூம் போல்கே போல்யா'. வடக்கே 'அவன் சொன்னான்' என்பது முதலில் வரும், சொன்ன செய்தி பிறகு வரும். இங்கே நம் வரிசைதான். 'போல்கே' என்றால் 'சொல்லி'. நம் 'என்று' பிறந்த 'என்' என்ற வினைக்கும் சொல்லுதல் என்றுதான் பொருள். தெலுங்கின் 'அனி'யும் அப்படியே. சொற்கள் வடக்கத்தியவை, அவற்றை அடுக்கிய மனம் நம் பக்கத்து மனம். பக்கத்து வீட்டுப் பேச்சைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் ஒரு மொழி இப்படி வளையும்.

அடுத்து, தோல் ஷாப்புகள் இருக்கும் தெருக்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலத்திலிருந்தே, முதலாளி வீடுகள் பலவற்றில் உருது. தொட்டியில் இறங்கியவர்கள் வீட்டில் தமிழ். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். யார் யாரை 'வா' என்கிறார், யார் யாரை 'வாங்க' என்கிறார் என்று கவனியுங்கள். இதைக் கேட்காமல் மொழிப் பன்மையை ரசிக்கிறேன் என்பது அரைகுறை ரசனை.

பிறகு வேலூர்க் கோட்டைக்குப் போங்கள். 1805 நவம்பரில் சென்னைப் படைத் தலைவர் ஜான் கிராடக், தோல் சின்னம் பொருத்திய புதுத் தலைப்பாகையைச் சிப்பாய்கள்மேல் சுமத்தினார். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது. தோல் என்றதும் இந்துவுக்குப் பசு, முஸ்லிமுக்குப் பன்றி நினைவுக்கு வந்தது. அதிகாரிக்கு அது வெறும் சீருடை. 1806 மே மாதமே சிப்பாய்கள் மறுத்துப் பார்த்தார்கள். கிடைத்தது சவுக்கடி. ஜூலை 10 விடியுமுன் இந்தக் கோட்டைக்குள் சிப்பாய்களின் துப்பாக்கிகள் வெடித்தன. திப்புவின் பிள்ளைகள் அங்கேயே காவலில் இருந்தது உள்ளிட்ட வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அந்த மே மாதத்தில் யாராவது காது கொடுத்திருக்கலாமே என்று, அந்த அகழியோரம் நிற்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

கோட்டையிலிருந்து சி.எம்.சி. மருத்துவமனை பக்கம்தான். எதிர்ச் சந்துகளில் வங்காள எழுத்தில் பலகைகள். ஒரு மருந்துக் கடை வாசலில் சற்று நில்லுங்கள். தொலைவிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம், மாத்திரை அட்டையைக் காட்டி, கடைக்காரர் தம் வேலூர் நாக்கால் வங்காளத்தில் சொல்வார்: "காபார் பொரே." சாப்பாட்டுக்கு அப்புறம்.