பதிமூணு கண் பாலத்து ரயில்

திருவனந்தபுரத்திலிருந்து செங்கோட்டைக்கு மலை வழியே ரயிலில் போக நினைப்பவர் முதலில் வடக்கே கொல்லத்துக்குப் போய், அங்கிருந்து கிழக்கே திரும்ப வேண்டும். சுற்றுவழிதான். ஆனால் திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்ததே இந்தச் சுற்றில்தான். கொல்லம்–செங்கோட்டைப் பாதை 1904-இல் திறந்தது. 1918-இல் தண்டவாளம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகரான திருவனந்தபுரம் வரை நீண்டது. 1950களில் கோட்டயம் வழி திறக்கும்வரை, திருவிதாங்கூர்க்காரர் சென்னைக்கு ரயிலேற இருந்த ஒரே வழி இந்த மலைவழி.

நீலகிரி ரயிலைப்போல் இங்கே பல்சக்கரம் இல்லை. கொங்கண் பாதையின் பிரம்மாண்டமும் இல்லை. இதன் அழகு நெருக்கத்தில் இருக்கிறது. பாறை ஜன்னலை ஒட்டி வரும். அதில் வழியும் நீரும், பாசியும், வெடிப்பில் முளைத்த பெரணியும் கையெட்டும் தூரத்தில் நகரும்.

புனலூரில் வண்டியின் பின்னால் இன்னொரு இன்ஜினைக் கோப்பார்கள். முன்னது இழுக்க, பின்னது தள்ள, ஏற்றம் தொடங்கும். நடுப்பெட்டியில் இடம் கிடைத்தவர் பாக்கியசாலி. பெரிய வளைவுகளில் தலையும் வாலும் ஒரே ஜன்னலில் தெரியும். இடமண், ஒற்றக்கல், தென்மலை என்று ஸ்டேஷன்கள் போகப்போக, ரப்பர் தோட்டம் விலகிக் காடு நெருங்கும்.

கழுதுருட்டியில் அந்தப் பதிமூணு கண் பாலம். வேடிக்கை என்னவென்றால், வண்டியில் இருப்பவருக்குப் பாலம் தெரியாது. கீழே நெடுஞ்சாலையில் காரை நிறுத்திவிட்டுச் செல்போனைத் தூக்குகிறவர்களைப் பார்த்துத்தான் பாலத்தின்மேல் போகிறோம் என்று புரியும். முழு அழகு அவர்களுக்குத்தான்: வரிசையாகக் கல் வளைவுகள், ஒவ்வொரு கண்ணிலும் ஒரு துண்டு ஆறு, ஒரு துண்டுக் காடு. கல் வளைவின் சூட்சுமம் எளியது. மேலே பாரம் ஏற ஏற, கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். மீட்டர்கேஜ் வண்டிக்காகக் கட்டிய பாலம் அது. 2010-இல் அந்த வண்டி நின்றது; 2018 முதல் அதே பாலத்தின்மேல் பிராட்கேஜ் வண்டி ஓடுகிறது.

ஆரியங்காவு தாண்டினால் நீளமான சுரங்கம். உள்ளே பிள்ளைகள் போடும் கூச்சல் எதிரொலிக்கும். வெளியே வந்தால் தமிழ்நாடு, பகவதிபுரம். மேற்கே கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை மலையோடு நின்றுவிடும். காற்று மட்டும் மிச்ச ஈரத்தைச் சுமந்துகொண்டு கணவாய் வழியே இறங்கும். குற்றாலத்துச் சாரல் அந்த மிச்சம்தான். ஆடியில் ஜன்னலைத் திறந்து வைத்தால் முகத்தில் படுவது மழையா பனியா என்று சொல்ல முடியாது. கீழே புளியரைப் பக்கம் வயல்கள் விரியும்.

இந்த மாநில எல்லை பழையதல்ல. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூரோடு (பின்னாளில் திருவிதாங்கூர்–கொச்சியோடு) சேர்ந்ததுதான். விடுதலைப் போராட்ட வீரர் வாஞ்சிநாதனுக்குச் சொந்த ஊர் செங்கோட்டை, வனத்துறை வேலை புனலூரில். ஒரே அரசின் இரண்டு சரிவுகளைத் தைத்த பாதை இது; இன்று இரண்டு மாநிலங்களைத் தைக்கிறது.

அவசரமாகச் சென்னை போக வேண்டியவர் நாகர்கோவில் வழியே போகட்டும். ஆடியில் இரண்டு நாள் லீவு கிடைப்பவர் கொல்லத்தில் வண்டி மாறலாம்; பகல் வண்டியாகப் பார்த்து ஏறினால் போதும்.