கண்ணியும் பழியும்: வேட்டை உவமைகளில் அகப்பட்டோர் நிலை

ஆய்வுச்சுருக்கம்

வேட்டைக் கருவிகள் இலக்கியத்தில் வஞ்சகத்துக்கு உவமையாக வருவது உலகப் பொதுவழக்கு. அவ்வுவமைகளில் பழி வேட்டுவன்மேல் ஏற்றப்படுகிறதா, அகப்பட்ட உயிரின்மேல் ஏற்றப்படுகிறதா என்னும் வினாவை இக்கட்டுரை முன்வைக்கிறது. ‘ஸ்பிரிஞ்ச்’ என்னும் பழைய ஆங்கிலச் சொல் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ஆளப்பட்ட முறை, திருக்குறள், நற்றிணை, மலைபடுகடாம் ஆகியவற்றின் வேட்டைச் சித்திரங்களோடு ஒப்பிடப்படுகிறது. ஒப்பீட்டின் முடிவு, மேற்குத் தமிழகத்தின் ‘சுமங்கலித் திட்டம்’ பற்றிய பேச்சுவழக்கை மதிப்பிடப் பயன்படுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கண்ணி, அடார், சிமிழ்த்தல், வாக்குறுதி, சுமங்கலித் திட்டம்

முன்னுரை

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ள அருள்புரம், பின்னலாடைத் தொழிலைச் சார்ந்து வாழும் ஊர்களுள் ஒன்று. அத்தொழிலின் அடிப்படை ஒரு வளையம். ஊசி நூலை வளைத்து, முன்னுள்ள வளையத்தின் ஊடே இழுத்துப் புதிய வளையமாக்குகிறது. ஒவ்வொரு வளையமும் மற்றொன்றைப் பிடித்திருப்பதாலேயே பனியன் துணி துணியாக நிற்கிறது. அவ்வளையத்துக்குரிய நூல் மேற்குத் தமிழகத்தின் நூற்பாலைகளிலிருந்து வருகிறது. அந்த ஆலைகள் சிலவற்றில் நூல் நூற்ற இளம்பெண்களைப் பற்றிப் பேசும்போது ‘வலையில் விழுந்தார்கள்’ என்பது எளிதில் வாய்க்கு வரும் தொடர். இத்தொடர் யாரைக் குற்றம் சாட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

ஒரு முடிச்சு, பல பொருள்

தமிழில் கண்ணி என்பது பறவைக்கு வைக்கும் சுருக்கு, தலையிற் சூடும் மாலை, சங்கிலியின் ஒரு வளையம், இரண்டடிச் செய்யுளுறுப்பு. புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் சிவபெருமான் சூடிய கொன்றை, தலையில் இருக்கும்போது கண்ணி என்றும் மார்பில் இருக்கும்போது தார் என்றும் வேறுபடுத்தப்படுகிறது. தாயுமானவரின் பராபரக்கண்ணி 389 கண்ணிகளால் ஆனது. தமிழ்விடு தூது 268 கண்ணிகளைக் கொண்டது. மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண் சிறுத்தாம்பில் அச்சொல் கயிற்றின் முடிச்சைக் குறிக்கிறது. அங்கே கட்டுண்பவன் கண்ணன். அவன் தன்னைக் கட்ட இசைந்தவன்.

பிணைப்பு என்னும் கருத்து இப்பொருள்கள் அனைத்துக்கும் பொதுவாகப் பொருந்துகிறது. மாலையையும் சுருக்கையும் வேறுபடுத்துவது முடிச்சின் வடிவமன்று. கட்டுண்டவர் அதை அறிந்து ஏற்றாரா, வேண்டும்போது அவிழ்க்க இயலுமா என்பவையே வேறுபாட்டைத் தீர்மானிக்கின்றன. சூடியவர் கண்ணியைக் களையலாம். அகப்பட்ட பறவைக்கு அந்த உரிமை இல்லை.

பறவையின்மேல் விழும் பழி

ஹாம்லெட் நாடகத்தின் முதல் அங்கத்தில், இளவரசன் தனக்குப் புனிதமான சத்தியங்கள் செய்து தந்ததாக ஒபீலியா தந்தையிடம் கூறுகிறாள். பொலோனியஸ் அச்சத்தியங்களை உள்ளான் இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டுப் பறவையைப் பிடிக்கும் சுருக்குகள் என்று தள்ளிவிடுகிறான். அவன் ஆளும் சொல்லே ‘ஸ்பிரிஞ்ச்’. அப்பறவை எளிதில் அகப்படுவது. அக்கால ஆங்கிலத்தில் அதன் பெயர் மூடரைக் குறிக்கும் வசையாகவும் வழங்கியது. ஆகவே இவ்வுவமையில் வாக்குறுதி சுருக்காவதோடு, அதை நம்பிய பெண் மூடப் பறவையும் ஆகிறாள். எச்சரிக்கை என்னும் பெயரில் ஏளனமே அவளுக்குக் கிடைக்கிறது.

இறுதி அங்கத்தில் அதே உவமை திரும்புகிறது. நஞ்சு தோய்ந்த வாளால் ஹாம்லெட்டைக் கொல்லத் துணிந்த லேயர்ட்டீஸ் அந்நஞ்சினாலேயே சாகும்போது, தான் வைத்த சுருக்கில் தானே அப்பறவைபோல் அகப்பட்டதாக ஒப்புக்கொள்கிறான். இங்குப் பழி வேட்டுவனிடம் திரும்புகிறது. ஆனால் அதற்குள் ஒபீலியா இறந்துவிட்டாள். நாடகம் உவமையைத் திருத்திக்கொள்கிறது; திருத்தம் அவளுக்குப் பயன்படவில்லை.

புதரில் மறைந்தவன்

திருக்குறளின் கூடாவொழுக்க அதிகாரம் (குறள் 274) ஏறத்தாழ இதே சூழலைப் பேசுகிறது. அங்கும் புனிதத்தின் தோற்றமே வஞ்சகத்துக்குக் கருவி. தவவேடத்தில் மறைந்து தீயவை செய்பவன், புதரில் மறைந்து பறவையைப் பிடிக்கும் வேட்டுவனுக்கு ஒப்பாகிறான். ஆயினும் அழுத்தம் விழும் இடம் வேறு. குறள் கருவியின் பெயரைச் சொல்லவில்லை. ‘சிமிழ்த்தல்’ என்னும் வினையையே ஆள்கிறது. பரிமேலழகர் அதற்குப் பிணித்தல் என்று பொருள்கொள்வார். பறவை இன்னதென்றும் சொல்லப்படவில்லை. ‘புள்’ என்னும் பொதுச்சொல்லே நிற்கிறது. அதன் அறிவின்மை பற்றி ஒரு குறிப்பும் இல்லை. உவமையின் இரு பக்கத்திலும் திரும்ப வரும் சொல் ‘மறைந்து’ என்பதே. குற்றம் மறைவில் இருக்கிறது.

இதற்கு எதிர்ச்சான்றாகத் துறவதிகாரத்தின் 348ஆம் குறளைக் காட்டலாம். முற்றத் துறவாதவர் மயங்கி வலைப்பட்டவர் என்கிறது அது. அங்கே மயக்கம் அகப்பட்டவருடையது. ஆனால் அக்குறளில் வேட்டுவன் இல்லை, பற்றே வலையாகிறது. வேட்டுவன் இல்லாத இடத்தில் அகப்பட்டவரை நோக்கிப் பேசும் வள்ளுவர், வேட்டுவன் இருக்கும் இடத்தில் அவனையே நோக்குகிறார். இவ்விரு குறள்களையும் ஒருங்கே வைத்தால் இந்த நுட்பம் புலப்படும்.

அடாரும் முன்னறிவிப்பும்

நற்றிணை 119ஆம் பாடலில், தினையுண்ண வரும் பன்றிக்காகப் புனவன் பெருங்கல் அடாரை அமைக்கிறான். அதில் வலிய புலி அகப்படுகிறது. பொறியில் வீழ்வது பேதைமையின் அடையாளம் என்னும் எண்ணத்தை இக்காட்சி குலைக்கிறது. அடாருக்குப் புலியும் பன்றியும் ஒன்றே. அதன் பொறியமைப்பு வந்தவரின் அறிவை அளப்பதில்லை.

மலைபடுகடாம் மேலும் ஒருபடி செல்கிறது. நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்பவன், பன்றிக்கு அஞ்சிக் கானவர் புழைதோறும் கல்லாலான பொறிகளை மாட்டியிருப்பதை முன்கூட்டியே உரைக்கிறான். இருளில் செல்லாமல் விடியும்வரை தங்கிப் போகுமாறு அறிவுறுத்துகிறான். பொறி வைப்பதற்குக் காரணம் உண்டு. விளைபுனம் காக்கப்பட வேண்டும். ஆனால் அது இருக்கும் இடத்தை அவ்வழியே வருபவருக்குச் சொல்வது வழியறிந்தவரின் கடமை. பொலோனியஸின் எச்சரிக்கையில் இருக்கும் இகழ்ச்சி இங்கு இல்லை. ஆற்றுப்படையின் அறம் முன்னறிவிப்பில் அடங்கியுள்ளது.

சுமங்கலித் திட்டம்

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகள் சிலவற்றில் நடைமுறையில் இருந்த வேலைமுறை, சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம் முதலிய பெயர்களால் அறியப்பட்டது. பெரும்பாலும் வறிய குடும்பங்களின் இளம்பெண்கள் மூன்றாண்டு போன்ற ஒரு காலத்துக்கு ஆலை விடுதியில் தங்கி வேலைசெய்வர். முடிவில் திருமணச் செலவுக்கு உதவும் மொத்தத் தொகை தரப்படும் என்பது வாக்குறுதி. காலம் முடியுமுன் விலகினால் அத்தொகையை இழக்க நேரிடும். 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் இம்முறை பற்றி வெளியிட்ட ஆங்கில அறிக்கைக்குப் ‘பருத்தியால் பிடிபட்டவர்கள்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டன. வேட்டை உருவகம் ஆய்வறிக்கையின் தலைப்புக்கும் வந்துவிட்டது.

இத்திட்டத்தின் பெயர்களே இலக்கிய ஆய்வுக்குரியவை. சுமங்கலி, மாங்கல்யம் ஆகிய மங்கலச் சொற்கள் கூலி ஒப்பந்தம் ஒன்றை மூடிநின்றன. குறள் காட்டும் தவவேடமும் ஹாம்லெட் காட்டும் புனித சத்தியமும் செய்த வேலையை இங்கு இவை செய்தன. இப்பெயர்களே புதர். எனவே ‘விவரம் தெரியாமல் விழுந்துவிட்டாள்’ என்று பேசுவது பொலோனியஸின் குரலில் பேசுவதாகும். வள்ளுவர் வழியில் கேட்க வேண்டிய வினா மறைத்தவர் யார் என்பது. கூத்தருக்கு வழி சொன்னவன் வழியில் கேட்க வேண்டியது, வழியறிந்த தரகரும் உறவினரும் ஊராரும் முன்னரே சொன்னார்களா என்பது.

முடிவுரை

ஒரே வளையம் சூடும் கண்ணியாகவும் பிடிக்கும் கண்ணியாகவும் அமையக்கூடும். எது என்று அறிய முடிச்சை ஆராய்வதில் பயனில்லை. கட்டுண்டவருக்கு அது வெளிப்படையாகச் சொல்லப்பட்டதா, அவிழ்க்கும் உரிமை அவர் கையில் இருந்ததா என்றே ஆராய வேண்டும். பறவையின் பேதைமையைப் பேசும் மரபு வேட்டுவனைப் பார்வையிலிருந்து அகற்றிவிடுகிறது. பழந்தமிழ்ப் பாடல்களுள் இங்கு ஆராயப்பட்டவை அவனைப் புதரிலிருந்து வெளியே கொணர்கின்றன. அருள்புரம் போன்ற ஊர்களைச் சூழ்ந்த உழைப்புலகைப் பற்றி எழுதுவோர் ‘வலை’, ‘கண்ணி’ என்னும் சொற்களை ஆளும்போது அந்த வேறுபாட்டைக் காத்துக்கொள்வது, நடைநுட்பத்தோடு நீதியையும் சார்ந்ததாகும்.