புயலின் கண்ணுக்குள் எதைப் பார்ப்பது?

அட்லாண்டிக் சூறாவளிகளுக்குள் பறக்கும் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் விமானங்கள் எடுக்கும் காணொளிகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. பார்ப்பவர்கள் பெரும்பாலும் நேராகப் புயலின் மையமான கண்ணுக்கு ஓட்டி, அங்கே விரியும் நீலவானத்தில் மயங்கி நின்றுவிடுகிறார்கள். வானத்தைக் கடைசியாகப் பாருங்கள் என்பேன்.

முதலில், கண்ணுக்குள் நுழைவதற்கு முந்தைய நிமிடங்களை ஓட்டித் தள்ளாதீர்கள். ஜன்னலுக்கு வெளியே வெறும் வெண்மை. மழை அறைகிறது, விமானம் தூக்கி வீசப்படுகிறது. கண்ணைச் சூழ்ந்த மேகச்சுவர் அது; புயலின் உச்சக் காற்று அங்கேதான். அதை உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான், சட்டென்று குலுக்கல் நின்று வெயில் அடிக்கும் அந்த நொடியின் அருமை தெரியும்.

உள்ளே வந்ததும் சுவரைப் பாருங்கள். 2005 ஆகஸ்ட் 28 அன்று கத்ரீனா சூறாவளியின் கண்ணுக்குள் எடுத்த படம் இதற்கு நல்ல பாடம். சுவர் செங்குத்தாக நிற்காது. மேலே போகப் போக வெளிப்பக்கம் சாயும், கிரிக்கெட் மைதானத்தின் பார்வையாளர் அடுக்குகளைப் போல. உயரத்தில் சுழற்சி தளர்வதால், ஏறும் காற்று மையத்தை விட்டு விலகிக்கொண்டே ஏறுகிறது. அந்தச் சாய்வில்தான் புயலின் வடிவமே எழுதப்பட்டிருக்கிறது.

பிறகு கீழே. கண்ணின் அடியில் பெரும்பாலும் தாழ்வான மேகங்கள் திட்டுத்திட்டாகக் கிடக்கும். அவற்றின் இடைவெளியில் கடல் தெரிந்தால் படத்தை அங்கேயே நிறுத்துங்கள். மேலே காற்று ஓய்ந்திருக்கும், ஆனால் கடல் ஓய்ந்திருக்காது. நாலாபுறமும் எழுந்த அலைகள் அங்கே வந்து ஒன்றோடொன்று மோதுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

இப்போது வானம். கண்ணுக்குள் காற்று மெல்லக் கீழிறங்குகிறது. இறங்கும்போது அழுத்தப்பட்டுச் சூடாகிறது, மேகம் கரைகிறது. அந்த நீலம் வெப்பத்தின் நிறம். விமானத்தின் வெப்பமானியும் சுவரைத் தாண்டியதும் ஏறிவிடும்.

கடிகாரமும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விமானங்கள் நிமிடத்துக்கு ஆறேழு கிலோமீட்டர் போகும். நாற்பது கிலோமீட்டர் கண் என்றால் ஆறு நிமிட அமைதி. 2005இல் வில்மா சூறாவளியின் கண் உச்சக்கட்டத்தில் நாலு கிலோமீட்டர்கூட இல்லை. அரை நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

அமைதி முடிந்ததும் காணொளியை நிறுத்திவிடாதீர்கள். எதிர்ச்சுவர் காத்திருக்கிறது, வெளியே போக வேறு வழி இல்லை. 1989 செப்டம்பர் 15 அன்று ஹியூகோ சூறாவளிக்குள் வெறும் 1,500 அடி உயரத்தில் நுழைந்த நோவா விமானத்தின் நான்கு இன்ஜின்களில் ஒன்று சுவருக்குள்ளேயே தீப்பிடித்தது. எப்படியோ கண்ணை அடைந்தவர்கள், எரிபொருளைக் கொட்டி எடையைக் குறைத்து, வட்டமடித்தே உயரம் ஏறினார்கள். சுவரில் வலுக்குறைந்த இடம் எது என்று விமானப்படையின் இன்னொரு விமானம் பறந்து பார்த்துச் சொன்னது. வடகிழக்குப் பக்கமாக, சுமார் 7,000 அடியில் வெளியேறி, மூன்று இன்ஜின்களோடு பார்படோஸில் இறங்கினார்கள்.