ரோஜாவின் தாடி

ரோஜாவுக்குத் தாடி உண்டு, தெரியுமா உங்களுக்கு? பூவுக்கு அடியில் பச்சையாக ஐந்து புல்லி இதழ்கள் இருக்கும் அல்லவா, அதில் இரண்டுக்கு இரண்டு ஓரமும் தாடி, இரண்டு மழமழவென்று சவரம் செய்த முகம், மிச்சமிருக்கும் ஒன்றுக்கு ஒரு பக்கம் மட்டும் தாடி! மொட்டைமாடித் தொட்டியில் பூத்த பன்னீர் ரோஜாவைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தபோது இதைக் கண்டுபிடித்து நான் போட்ட சத்தத்தில், அடுப்பில் குக்கரை விட்டுவிட்டு அம்மா மாடிக்கு ஓடி வந்துவிட்டார். "என்னடா, தேளா?" "தாடிம்மா, தாடி!" அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை யாரும் வரையவே முடியாது.

காரணம் அதைவிட அழகு. மொட்டு மூடியிருக்கும்போது இந்த ஐந்தும் ஒன்றின் ஓரத்தை ஒன்று மூடிக்கொண்டு நிற்கின்றன. வெளியே தெரிகிற ஓரத்தில்தான் தாடி, உள்ளே போன ஓரம் மொழுக். இரண்டு முழுக்க வெளியே, இரண்டு முழுக்க உள்ளே, ஒன்று பாதிப் பாதி. கணக்கு எப்படி உட்காருகிறது பாருங்கள்! ஐரோப்பாவில் இதை ஐந்து சகோதரர்கள் என்று விடுகதையாகவே போட்டிருக்கிறார்கள். (எல்லா ரோஜாவிலும் இவ்வளவு பளிச்சென்று தெரியாது, அது வேறு விஷயம்.) நாமும்தான் காலங்காலமாக மாலை கட்டுகிறோம், குல்கந்து தின்கிறோம், பென்சில் பிடிக்கும்வரை இது கண்ணில் பட்டதா?

தாவர ஓவியத்தின் சட்டம் ஒன்றுதான், உள்ளதை உள்ளபடி, முடிந்தால் உள்ள அளவிலேயே. கற்பனை பண்ணிப் பாருங்கள்: விடிகாலை, ஈரம் காயாத பூ, இடப்பக்கம் ஜன்னல் வெளிச்சம், கூராகச் சீவிய 2H பென்சில், டிவைடரை வைத்து இதழின் அகலத்தை அளந்து, நடுவில் சுருண்டு கிடக்கிற குட்டி இதழிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள், ஒன்று, அதற்குப் பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று, மூக்கு நிறைய வாசனை, நிமிர்ந்து பார்த்தால் ஐயோ, அது விரிகிறது! கண்ணெதிரே! போட்ட கோடு அதற்குள் பழசு! அதனால்தான் முதலில் பூ, அப்புறம் இலை, இலை பொறுமைசாலி. மதியம் டம்ளரோடு பூவை ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அது எப்படி இருக்கிறதென்று அடிக்கடி கதவைத் திறந்து பார்ப்பேன். பைத்தியம்தான், இருக்கட்டும். பிறகு வண்ணம்! தண்ணீராகக் கரைத்த ரோஸ் முதல் பூச்சு, காயவிட்டு மேலே இன்னொன்று, அது காய்ந்ததும் தூரிகையை நன்றாகத் துடைத்துவிட்டுச் சின்னச் சின்னக் கோடுகளாக நிழல், பளபளப்புக்கு வெள்ளைச் சாயம் வேண்டாம், காகிதத்தின் வெள்ளையே போதும், அந்தக் கடைசி நிழல் விழுந்த நொடியில் இதழ் தாளைவிட்டு எழும்பி நின்றது, சத்தியமாக எழும்பி நின்றது, நான் தனியாகக் கை தட்டினேன்!

பாரிஸில் ரெடூட்டே என்ற ஓவியர் 1817 முதல் 1824 வரை ரோஜாக்களுக்கென்றே ஒரு படத் தொகுப்பு கொண்டுவந்தார். அவ்வளவு தூரம் எதற்கு, இங்கே மதராஸிலேயே தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்து என்ற ஓவியர்கள் செடி செடியாக வரைந்து குவித்திருக்கிறார்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைத்தார் வைட். அந்தப் படங்களில் நரம்பு பிசகாத இலைகளைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நல்ல காகிதம் விலை ஜாஸ்தி, முதுகு கொஞ்சம் வலிக்கும். விடுங்கள், அதெல்லாம் ஒரு குறையா?

நாளைக்குக் காலையில் பூக்காரம்மாவிடம் ஒரே ஒரு பன்னீர் ரோஜா வாங்குங்கள். காம்போடு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். சாமி படத்துக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகட்டும், முதலில் ஒரு பென்சிலை எடுங்கள்.