யாழைத் தேடும் வழிகள்

தமிழில் யாழ் ஆய்வு பெரும்பாலும் ஏட்டிலேயே நடந்திருக்கிறது. சங்க காலத்து யாழ் ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை என்பதே காரணம். ஈராக்கின் ஊர் நகரத்தில் லியனார்ட் வூல்லி 1920களில் அரச கல்லறைகளைத் தோண்டியபோது, மரம் மக்கிப்போயும் அதன் வடிவம் மண்ணில் குழியாக நின்றது. அதில் சாந்து வார்த்து, 4,500 ஆண்டுப் பழமையுள்ள இசைக்கருவியின் உருவை மீட்டார். நமக்கு எஞ்சியது பாட்டு.

அந்தப் பாட்டே பெரிய செல்வம். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் யாழை உறுப்பு உறுப்பாகக் காட்டுகிறார். ஒலிப்பெட்டியான பத்தர், தரையில் பதிந்த மான்குளம்பின் தடம் போல இருபுறமும் தாழ்ந்து நடுவே உயர்ந்திருக்கிறது. அதன்மேல் விளக்குச் சுடரின் நிறத்தில் தோல் போர்த்தித் தைத்திருக்கிறார்கள். துளையை அடைக்கும் ஆணிகள், வளைக்குள்ளிருந்து பார்க்கும் நண்டின் கண்கள். வளைந்த தண்டான கோடு, தலை நிமிர்த்திய பாம்பு. அதில் நரம்பைப் பிணிக்கும் திவவுகள், கரிய பெண்ணின் முன்கையில் அடுக்கிய வளையல்கள். ஒரு தச்சர் இதைப் படித்துவிட்டு உளியை எடுக்கலாம், அளவுகள்தாம் இல்லை. பெரும்பாணாற்றுப்படையிலோ, இடையன் ஒருவன் குமிழங்கொம்பை வளைத்து மரல் நாரை நாணாகக் கட்டி வில்யாழ் செய்துகொள்கிறான். வில்லிலிருந்தே யாழ் பிறந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டுமா?

நரம்புகளின் எண்ணிக்கைக்கு நாம் நம்பியிருப்பது, பல நூற்றாண்டு பிந்திய அடியார்க்குநல்லாரின் சிலப்பதிகார உரையை. பேரியாழுக்கு 21, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்கிறார் அவர். ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ (1917) சுருதிக் கணக்குக்கு வழி திறந்தது. ஆனால் யாழையே மையமாக நிறுத்தியவர் மட்டக்களப்புக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அறிவியல் படித்தவர் என்பதால் நரம்பின் நீளத்தையும் சுரத்தையும் கணக்கிட்டு, சிலப்பதிகார உரையோடு பொருத்திப் பார்த்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் அடிகள் மறைந்தார். அந்த நூலுக்கு நிகரான ஒன்று அதற்குப் பின் தமிழில் வரவில்லை என்பது என் கருத்து.

யாழ் ஏன் மறைந்தது? திருப்பள்ளியெழுச்சியில் மாணிக்கவாசகர் வீணைக்காரரையும் யாழ்க்காரரையும் தனித்தனியே சொல்வதால், இரண்டும் சிறிது காலம் சேர்ந்தே வாழ்ந்திருக்கின்றன. கமகத்துக்கு யாழ் இடம் தராது, ஒரு நரம்புக்கு ஒரே சுரம், அதனால் வீணை வென்றது என்பது வழக்கமான விடை. எனக்கு இதில் நிறைவில்லை. பர்மாவின் சௌங் யாழ் இதற்கு எதிர்ச்சான்றாக நிற்கிறது. அதை மடியில் வைத்து வலக்கையால் மீட்டும் கலைஞர், இடக்கைப் பெருவிரல் நகத்தால் நரம்பை அழுத்திச் சுரத்தை உயர்த்துகிறார். அழுத்தவும் இழுக்கவும் யாழ் இடம் தருகிறது. வீணை வென்றதற்கு அரசவை, கோயில், பாணர் குலத்தின் தாழ்வு போன்ற சமூகக் காரணங்களையும் தேட வேண்டும்.

சௌங்கைப் பார்க்கும்போது பொருநராற்றுப்படை கண்முன் நிற்கும். படகு போன்ற பத்தர், மான்தோல் போர்வை, மேலே வளைந்தெழும் கோடு, அதைச் சுற்றிக் கட்டிய சிவப்புக் கயிறுகள். சுருதி சேர்க்க அந்தக் கயிற்றைத்தான் திருகினார்கள். முறுக்காணி பின்னால் வந்தது. திவவு என்று நம் புலவர் சொன்னது இப்படித்தான் வேலை செய்திருக்க வேண்டும். இந்த வளைகோட்டு யாழ் இந்தியாவிலிருந்து பர்மாவுக்குப் போனதைப் பற்றி ஜூடித் பெக்கர் 1967இல் எழுதினார். அமராவதிச் சிற்பங்களிலும், சமுத்திரகுப்தரின் பொற்காசிலும் இதே வடிவம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்துப் பர்தான் மக்களிடம் ஐந்து நரம்புள்ள பீன்பாஜா நம் காலம்வரை வாழ்ந்தது.

ஐரோப்பிய யாழ் வேறு வழி போனது. முன்பக்கம் ஒரு தூண் நட்டு நரம்பின் இழுவிசையைத் தாங்கச் செய்தார்கள். 1810இல் செபாஸ்தியன் எரார் இரட்டை மிதிப் பொறிக்கு உரிமம் பெற்றார். இன்றைய 47 நரம்புக் கருவி அந்த வழியில் வந்தது. தூணில்லாத நம் யாழை அதனோடு ஒப்பிடுவதில் பயன் குறைவு.

அண்மை ஆண்டுகளில் சென்னையில் இளைஞர்கள் ஏழு நரம்பு யாழைச் செய்து இசைக்கிறார்கள், மகிழ்ச்சி. அடுத்த படி பல்கலைக்கழகங்களுடையது. இசைத்துறை மாணவர் ஒருவரை ‘யாழ் நூ’லோடு மாண்டலேக்கு அனுப்புங்கள், சௌங் கலைஞரிடமும் அதைச் செய்யும் தச்சரிடமும் ஓராண்டு பயிலட்டும். அதற்கு ஓர் உதவித்தொகை போதும்.